ஆவணமற்றோரின் அரங்கு: தேவை விருந்தோம்பல் அல்ல, வர்க்க ஒற்றுமை

அசாமின் சில்சாரிலிருந்து புறப்படும் அரோனை விரைவு ரயில் வங்கத்தையும் ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் கடந்து திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் கட்டுமானத் தொழிலாளியின் தோள்பையில் மாற்றுத்துணிக்கு அடியில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறது. ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, தந்தையின் பெயர் உள்ள பழைய நிலப்பத்திரத்தின் நகல் என எல்லாம் அதற்குள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. சம்பளப் பணத்தைக் காட்டிலும் அந்த உறையை அவர் பத்திரமாகக் காக்கிறார். காரணம் எளிது. 2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேரின் பெயர் இல்லை. ஒரு காகிதம் குறைந்தால் பிறந்த மண்ணிலேயே மனிதன் அந்நியனாகிவிடுவான் என்பதை அந்த மக்கள் தங்கள் வாழ்விலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ரயிலில் காகிதம் கேட்காத இன்னொன்றும் வந்து இறங்குகிறது. ஆற்றுப் படகோட்டிகளின் பாட்டியாலிப் பாட்டும், வடவங்கத்தின் பவையாப் பாட்டும் அந்தத் தொழிலாளர்களோடு வருகின்றன. தகரக் கொட்டகையில் வேலை முடிந்த இரவுகளில் அவை பாடப்படுகின்றன. வெள்ளத்தில் போன நிலம், கடனுக்குப் போன மாடு, ஒப்பந்தக்காரன் விழுங்கிய கூலி, ஊரில் விட்டுவந்த மனைவி என்று ஒரு வாழ்க்கை முழுவதும் அங்கே சொல்லப்படுகிறது. அரசு அலுவலகம் எதிலும் பதிவாகாத சாட்சியம் அது. அந்தச் சாட்சியம் கொட்டகைக்குள்ளேயே அடங்கிவிட வேண்டுமா, பொது அரங்குக்கு வர வேண்டுமா, வந்தால் யாருடைய தலைமையில் வர வேண்டும் என்பது கலை ரசனை பற்றிய கேள்வி மட்டுமல்ல. இடதுசாரி இயக்கத்தின் முன்னுள்ள அரசியல் கேள்வி.

தன் கதையைத் தானே சொன்ன கேரளம்

இன்றைய கேரளத்தை உருவாக்கியதில் நாடக மேடைக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. 1937ல் பொன்னானி வட்டத்து விவசாயிகள் மாநாட்டுக்காகத் தோழர் கே.தாமோதரன் எழுதிய பாட்டபாக்கி, குத்தகைப் பாக்கிக்காக வீட்டை இழக்கும் குடும்பத்தின் கதையை அந்தக் குத்தகை விவசாயிகளின் முன்பே நிறுத்தியது. 1948ல் லக்கிடியில், இல்லங்களின் இருட்டறைகளிலிருந்து வெளியேறித் தொழில் மையம் ஒன்றில் சேர்ந்த நம்பூதிரிப் பெண்கள், தொழில்கேந்திரத்திலேக்கு என்ற நாடகத்தைத் தாங்களே கூடி எழுதினார்கள். ஆண் வேடங்கள் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் தாங்களே ஏற்றார்கள். அதில் தனியொரு ஆசிரியர் இல்லை. எவருடைய சொந்தக் கதை எது என்று பார்வையாளர் பிரித்தறிய முடியாதபடி அனைவரின் கதையும் ஒன்றாகக் கலந்திருந்தது.

1952 டிசம்பரில் சவறாவில் கேரள மக்கள் கலைக் கழகம் அரங்கேற்றிய, தோப்பில் பாசியின் நிங்ஙள் என்னெ கம்யூனிஸ்டாக்கி நாடகத்தை அடுத்த ஆண்டே திருவிதாங்கூர்-கொச்சி அரசு தடை செய்தது. அதற்கு அரசு பயன்படுத்திய ஆயுதம், வெள்ளையர் 1876ல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம். நாடகத்தைத் தடை செய்ய முடிந்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்பதைத் தடுக்க முடியவில்லை. ஒடுக்கப்பட்டவன் தன் வாழ்க்கையைத் தன் வாயால், தன்னைப் போன்றவர்கள் முன்னால் சொல்லும்போது அது புலம்பலாக முடிவதில்லை, அமைப்பாக வளர்கிறது என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

மலையாளியும் ஆவணமற்றவராக இருந்தவரே

ஆவணமின்றி எல்லை கடப்பது ஏதோ கிழக்கு எல்லையில் மட்டும் நடக்கும் குற்றம் என்பதுபோல் சங் பரிவாரம் பேசுகிறது. கேரளத்துக் கடற்கரைக் குடும்பங்களுக்கு உண்மை தெரியும். 1960களில் சரக்குத் தோணிகளில் பதுங்கி அரபிக்கடலைக் கடந்து, கோர்ஃபக்கான் கரையருகே கடலில் குதித்து நீந்திக் கரையேறிய மலையாளிகளிடம் எந்த விசாவும் இல்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் கேரளத்தில் கூரைகள் ஓடாகவும் காங்கிரீட்டாகவும் மாறின. அவர்களை மலையாள சமூகம் ஊடுருவல்காரர்கள் என்று அழைக்கவில்லை. குடும்பத்தைக் கரையேற்றிய பிள்ளைகள் என்றே நினைவில் வைத்திருக்கிறது.

அந்தப் பிரிவுக்கும் ஒரு பாட்டு பிறந்தது. 1970களில் எஸ்.ஏ.ஜமீல் இயற்றிய துபாய்க் கத்துப்பாட்டு, வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாகவும் அதற்கான பதிலாகவும் அமைந்த மாப்பிளைப் பாட்டு. மலபார் வீடுகளில் ஒலிநாடாக்கள் தேயத் தேய அது கேட்கப்பட்டது. கடவுச்சீட்டைப் பறிகொடுத்துப் பாலைவனத்து ஆட்டுப் பட்டியில் அடிமையாக்கப்பட்ட தொழிலாளியின் கதையை 2008ல் பென்யாமின் ஆடுஜீவிதம் நாவலில் சொன்னபோது, ஒவ்வொரு வாசகரும் தன் உறவினர் ஒருவரை அதில் கண்டார். சவூதி அரேபியா 2013ல் நிதாகத் விதிகளை இறுக்கியபோது, உரிய ஆவணம் இல்லாத இந்தியத் தொழிலாளர்கள் வெளியேற்ற அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றதையும் கேரளம் மறந்திருக்க வாய்ப்பில்லை.

ரியாத்தில் நின்ற மலையாளிக்காக அழுத மனசாட்சி, வங்காளம் பேசும் தொழிலாளியிடம் அட்டையைக் காட்டச் சொல்லும் கும்பலை எப்படிச் சகித்துக்கொள்ள முடியும்? 2025 டிசம்பரில் பாலக்காடு மாவட்டம் வாளையாறு அருகே, சத்தீஸ்கரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவரைத் திருடன் என்று சந்தேகித்துப் பிடித்த கும்பல், நீ பங்களாதேஷியா என்று கேட்டுக் கேட்டு அடித்துக் கொன்றது. முற்போக்கு மரபு என்பது ஒருமுறை தடுப்பூசி போட்டதும் ஆயுள் முழுவதும் காக்கும் மருந்து அல்ல என்பதை அந்த மரணம் காட்டுகிறது. வெறுப்பு அரசியல் கேரள எல்லையில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே நுழைவதில்லை.

குளத்துப்புழையின் ஒப்பாரி

தமிழ்த் தோழர்கள் இன்னும் அருகில் பார்க்க வேண்டிய இடமும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் உள்ள குளத்துப்புழையின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்களின் குடும்பங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ல் இரு அரசுகளும் சரிபாதியாக வகுத்துக்கொண்டன. அந்தக் கணக்கில் ஒரு தொழிலாளியின் கருத்தும் கேட்கப்படவில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்தவே கேரள அரசும் ஒன்றிய அரசும் சேர்ந்து புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தை 1976ல் அமைத்தன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர்கள் நூற்றாண்டுக் காலம் பேணிய கலை காமன்கூத்து. எரிக்கப்பட்ட மன்மதனுக்காக ரதி வைக்கும் ஒப்பாரியில் தோட்டமே கூடி அழும். கணவனைப் பறிகொடுத்த ரதியின் குரலில் தங்கள் குரலையும் சேர்த்து அழுதவர்கள், துரைக்கும் கங்காணிக்கும் எதிரே அழ அனுமதிக்கப்படாத பெண்கள். புராணம் அவர்களுக்கு முகமூடியாக இருந்தது. சொந்தப் பெயரில் சொன்னால் தண்டனை வரும் என்ற நிலையில், மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்வதற்குக் கண்டுபிடித்த வழி அது.

1964 ஒப்பந்தத்தின் வழியே வந்தவர்களிடம் ஏதோவொரு காகிதமாவது இருந்தது. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் நிலை அதைவிட மோசம். 1987 ஜூலை 1க்குப் பின் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவரின் பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றாலே பிறப்புரிமை போய்விடும். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டில் பெயிண்ட் அடித்துப் பிழைக்கும் இளைஞர் இப்படித்தான் சட்டத்தின் கண்ணில் அந்நியராகிறார். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர், சட்டப்படி குடிமகளாக இருந்தும் நீதிமன்றப் படியேறிப் போராடிய பிறகே 2024ல் முதன்முறையாக வாக்களிக்க முடிந்தது. 2019 ஜனவரியில் கொச்சி அருகே முனம்பத்திலிருந்து படகேறிய இலங்கைத் தமிழர் குடும்பங்கள் எங்கே போயின என்பதற்கு இன்றுவரை விடையில்லை. இந்த நாட்டில் எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கை இருந்திருந்தால் கைக்குழந்தைகளோடு யார் நடுக்கடலுக்குப் போவார்கள்?

பாட்டுக்கு வழக்கு, மனிதருக்கு எல்லை

ஆவணமற்றோர் வாய் திறந்தால் ஆட்சியாளர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அசாம் உதாரணம். பிரம்மபுத்திரா ஆற்றுத் திட்டுகளில் வாழும் வங்காள வம்சாவளி முஸ்லிம்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட ‘மியா’ என்ற சொல்லையே தலைப்பாக ஏந்தி, 2016 முதல் இளங்கவிஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பாடினார்கள். 2019 ஜூலையில் அவர்களில் பத்துப் பேர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. குடிமகன் என்று நிரூபி என்று கேட்ட அரசு, மனிதன் என்று அவர்கள் நிரூபித்ததைக் குற்றமாக்கியது.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம், 1946ன் காலனியச் சட்டத்தை நீக்கியதாகப் பெருமை பேசுகிறது. தான் அந்நியர் அல்ல என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையிலேயே ஏற்றிய அந்தக் காலனிய நஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் ஊடுருவல்காரர்களைப் பற்றிப் பேசி, மக்கள்தொகை மாற்றத்தை ஆராய ஓர் இயக்கத்தை அறிவித்தார். அதற்கு முன்பே ஜூன் மாதத்தில், டெல்லியில் பிடிக்கப்பட்ட மேற்குவங்கத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டிருந்தார். நீதிமன்றங்கள் தலையிட்ட பின் டிசம்பரில்தான் அவர் நாடு திரும்ப முடிந்தது.

தமிழருக்குக் கிடைத்தது என்ன? 2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பட்டியலிட்டது. அதில் இலங்கை இல்லை. இந்துக்களின் பாதுகாவலர் என்று மார்தட்டும் கட்சிக்கு, இலங்கைத் தமிழ் அகதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாததற்கான தண்டனையிலிருந்து மட்டும் 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. சிறைக்கு அனுப்ப மாட்டோம், குடியுரிமையும் தர மாட்டோம் என்பதே இதன் பொருள். அதே ஆண்டு மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, எல்லா நாட்டவருக்கும் இடம் தர இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று கருத்துத் தெரிவித்தது. சத்திரத்துச் சோற்றுக்குக் கையேந்தி யாரும் வரவில்லை. கல் உடைத்து, சாந்து சுமந்து, ரப்பர் வெட்டி இந்த நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்கள் தங்கள் உழைப்பின் பேரில் உரிமை கேட்கிறார்கள்.

மேடை ஏற்றுவது எளிது

எதிரியை அம்பலப்படுத்துவதோடு கடமை முடிந்துவிடாது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2017ல் கொண்டுவந்த ஆவாஸ் காப்பீடும், எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய சங்ஙாதி மலையாளக் கல்வியும் நாட்டின் பிற மாநிலங்கள் யோசித்தும் பாராதவை. 2019 டிசம்பர் 31 அன்று திருவனந்தபுரத்தில் கூடிய சட்டமன்றம், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ரத்து செய்யக் கோரி நாட்டிலேயே முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. இவை போற்றத்தக்கவை. ஆனால் புலம்பெயர்ந்தவரை ‘விருந்தினர் தொழிலாளி’ என்று அழைக்கும் அன்பான சொல்லுக்குள் ஓர் எல்லைக்கோடும் ஒளிந்திருக்கிறது. விருந்தினருக்கு இலை போடலாம், வீட்டு முடிவுகளில் பங்கு தருவதில்லை. சங்ஙாதி அவருக்கு மலையாளம் கற்றுத் தருகிறது. அவருடைய பாட்டைக் கேட்கக் கேரளம் எத்தனை வங்காளச் சொற்களைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியும் எழ வேண்டும்.

தாராளவாதக் கலை விழாக்களின் போக்கு இதைவிட ஆபத்தானது. அங்கே ஆவணமற்றோரின் கண்ணீருக்கு நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது. பார்வையாளர் மனம் நெகிழ்ந்து வீடு திரும்புகிறார். பாடியவர் மறுநாள் காலை அதே ஒப்பந்தக்காரனிடம், அதே கூலிக்குத் திரும்புகிறார். மேலும், அவருடைய முகமும் பெயரும் ஊரும் ஒளிப்பதிவாகி உலவும்போது, அவரைத் தேடும் காவலருக்கு அதுவே ஆதாரமாகிறது. ஆவணமற்றவருக்கு மேடை விளக்கு சில நேரங்களில் தேடுதல் விளக்காகிவிடும். லக்கிடிப் பெண்களின் கூட்டுப் படைப்பும், காமன்கூத்தின் முகமூடியும் இங்கேதான் வழி காட்டுகின்றன. ஒருவரின் கதையைப் பலர் சேர்ந்து சொல்வதும், தனிப்பெயர் இல்லாமல் கூட்டுக் குரலாகப் பாடுவதும் ஒரே நேரத்தில் அழகும் பாதுகாப்பும் ஆகும்.

அமைப்போடு இணைந்த அரங்கு என்ன சாதிக்கும், அமைப்பு வழுவினால் என்ன நேரும் என்ற இரண்டுக்கும் கலிஃபோர்னியாவில் ஒரே இடத்தில் சான்று உண்டு. 1965ல் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்களே லாரித் தட்டுகளில் ஏறி, முதலாளி, கருங்காலி என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடித்த விவசாயத் தொழிலாளர் அரங்கு, ஐந்தாண்டுப் போராட்டத்தின் உரமாக இருந்தது. 1970ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஆனால் அதே சங்கம் 1974ல், ஆவணமற்ற மெக்சிகோத் தொழிலாளர்கள் கருங்காலிகளாகப் பயன்படுத்தப்படுகிறார்கள் என்று சொல்லி, அவர்களைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கும் இயக்கம் நடத்தியது. மலிவு உழைப்பைக் கொண்டு வேலைநிறுத்தத்தை உடைத்தது முதலாளி. தண்டிக்கப்பட்டவர் காகிதமில்லாத தொழிலாளி. சங்கம் அவரை உறுப்பினராக்கியிருந்தால் முதலாளியின் கையில் கருங்காலியே இருந்திருக்க மாட்டார்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டு அணிகளுக்கும் உரியது. ஈழ அகதிக்காகக் கண்ணீர் விடும் வாயே, திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ‘வடக்கன்’ என்று எள்ளுகிறது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரப்பப்பட்டபோது, சங் பரிவாரச் சக்திகள் எந்த விரிசலில் கை வைத்தன என்பதை அணிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். கூலியைக் குறைப்பவர் பீகாரி அல்ல, பீகாரியின் பசியைப் பயன்படுத்தும் முதலாளி. இதை ஆயிரம் துண்டறிக்கைகளில் எழுதுவதைவிட, பீகார்த் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மேடையில் தங்கள் கூலிக் கதையை அடுத்தடுத்துச் சொன்னால் வேகமாக விளங்கும்.

முடிக்கப்படாத நாடகம்

1989 ஜனவரி 1 அன்று டெல்லி அருகே சாகிபாபாத்தில் தொழிலாளர் நாடகத்தை நடத்திக்கொண்டிருந்த தோழர் சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இரவு உயிர்நீத்தார். அவர் பெயரை நாடு அறியும். அன்றைய தினம் அதே இடத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளி ராம் பகதூரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி அவர். நாடகம் பார்க்கக் கூடிய வர்க்கத்தின் மேல் பாய்ந்த குண்டு அவருடைய குடியுரிமையைக் கேட்கவில்லை. ஜனவரி 4 அன்று மலயஸ்ரீ ஹாஷ்மியும் ஜன நாட்டிய மஞ்ச் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று நாடகத்தை முடித்தார்கள். இந்திய இடதுசாரி வீதி நாடகத்தின் தியாக வரலாற்றில், எல்லை கடந்து வந்த தொழிலாளியின் குருதியும் கலந்திருக்கிறது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அதைத் தீர்க்கும் வழி தெளிவானது. தொழிற்சங்க உறுப்பினர் படிவத்தில் உழைக்கிறாயா என்ற கேள்வி மட்டுமே இருக்க வேண்டும், எந்த நாட்டுக் காகிதம் என்ற கேள்வி கூடாது. திருவனந்தபுரத்தின் மானவீயம் வீதியிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வங்காளம், ஒடியா, இந்தி, தமிழ் பேசும் தொழிலாளர்கள் தாங்களே எழுதி, தாங்களே நடத்தும் அரங்குகளுக்குக் கலை இலக்கிய அமைப்புகள் துணை நிற்க வேண்டும். மேடை அவர்கள் கையில் இருக்க வேண்டும், பாதுகாப்பு வளையம் அமைப்பின் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த அரங்குகளிலிருந்து எழும் குரல் குறிப்பான கோரிக்கைகளாக வேண்டும்: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ரத்து செய், மதம் பாராத அகதிகள் சட்டத்தை இயற்று, முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கு, நிரூபிக்கும் சுமையை அரசின் தோளுக்கு மாற்று.

பாட்டபாக்கி நாடகம் மேடையேறியபோது குத்தகை விவசாயியிடம் நிலப்பத்திரம் இல்லை. அவரும் ஆவணமற்றவரே. அவர் தன் கதையைச் சொன்னார், சங்கமானார், நிலத்துக்குரியவரானார். குளத்துப்புழையின் ரப்பர் காட்டிலும் கழக்கூட்டத்தின் கட்டடச் சாரத்திலும் இன்று தனித்தனியே முணுமுணுக்கப்படும் பாட்டுகள் அதே பாதையில்தான் நடக்க வேண்டும். அவற்றைக் கேட்டுக் கைதட்டுவதோடு நிற்காமல், கூடச் சேர்ந்து பாடுவதும் பாடியவரைச் சங்கத்தில் சேர்ப்பதும் கட்சி அணிகளின் உடனடிக் கடமை.